ஆன்டனி டேவிஸ் தொட்டாச்சிணுங்கியா? – கேள்வி பதில்

அமெரிக்காவின் NBA கூடைப்பந்து வீரர் ஆன்டனி டேவிஸ் பெயரை எடுத்தாலே "அவருக்கு எப்பவும் காயம்தானே" என்ற பேச்சும் கூடவே வருகிறது. முன்னாள் வீரரும் வர்ணனையாளருமான சார்லஸ் பார்க்லி டிவியில் அவருக்கு 'ஸ்ட்ரீட் க்ளோத்ஸ்' என்று பட்டமே கட்டிவிட்டார். சீருடை போடாமல் சாதாரண உடையில் ஓரமாக உட்கார்ந்திருப்பவர் என்று அர்த்தம். டேவிஸ் ஆட்டத்தை முதல் சீசனிலிருந்து பார்த்து வருகிறேன். நீங்கள் கேட்டதற்கெல்லாம் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார். அந்தப் பெயர் அவருக்குத் தகுமா?

பதில்: பாதி தகும். வழக்கமாக ஒரு சீசனுக்கு 82 ஆட்டம். நியூ ஆர்லியன்ஸ் அணியில் முதல் ஆறு சீசன்களில் அவர் ஆடியது 64, 67, 68, 61, 75, 75. பிரமாதம் இல்லை, ஆனால் கேலி செய்கிற கணக்கும் இல்லை. ஏழாவது சீசனில் 56. அதில் காயத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 2019 ஜனவரியில் வேறு அணிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார், அதன்பிறகு அணியே அவரைக் குறைவாகத்தான் ஆடவிட்டது.

பெயர் கெட்டது அடுத்துப் போன லேக்கர்ஸ் அணியில், 2020-21, 2021-22 என்ற இரண்டே சீசன்களில். 36 ஆட்டம், அப்புறம் 40. இரண்டையும் கூட்டினால் 76. 2023-24 என்ற ஒரே சீசனில் அவர் ஆடியதும் அதே 76தான்! அந்த வருஷம் அவர் காயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

கேள்வி: ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் முதுகையோ காலையோ பிடித்துக்கொண்டு கீழே விழுகிறாரே அண்ணா?

பதில்: உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் காயத்தையும் ஒரே கூடையில் போடக்கூடாது. 2021 டிசம்பரில் மின்னசோட்டாவின் ஜேடன் மெக்டேனியல்ஸ் நிலைதடுமாறி டேவிஸின் இடது முழங்கால் மேல் விழுந்தார். பக்கவாட்டு லிகமென்ட் (எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார்) சுளுக்கி, ஒரு மாதத்துக்கும் மேல் போயிற்று. திரும்பி வந்து மூன்று வாரம்தான் ஆடியிருப்பார், யூட்டாவுக்கு எதிரான ஆட்டம். உயரப் பந்தைப் பிடிக்க எம்பியவர் இறங்கும்போது எதிரணியின் ரூடி கோபேரின் பாதத்தின் மேல் கால் வைத்துவிட்டார். வலது கால் அப்படியே மடங்கியது. அந்தக் காட்சியை இன்றைக்கும் என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. யாருடைய காலாக இருந்தாலும் அங்கே மடங்கித்தான் இருக்கும். இவை விபத்து.

கெண்டைக்கால், குதிகால் நாண், கவட்டைத் தசை, இதெல்லாம் வேறு. யாரும் மோதாமலே திரும்பத் திரும்ப வருவது. கெட்ட பெயரில் அவருக்குரிய பங்கு இதுதான்.

கேள்வி: திடீரென்று 2021இல் ஏன் உடம்பு விட்டுப்போயிற்று?

பதில்: லேக்கர்ஸ் கோப்பையை ஜெயித்தது 2020 அக்டோபர் 11. அடுத்த சீசன் டிசம்பர் 22இலேயே தொடங்கிவிட்டது. ஓய்வெடுத்து, பிறகு உடம்பைப் படிப்படியாகத் தயார் செய்ய இரண்டரை மாதம்கூட இல்லை. பிப்ரவரியில் குதிகால் நாண் தொந்தரவு, கெண்டைக்கால் பிடிப்பு. பிளேஆஃபில் (சீசன் முடிவில் கோப்பைக்கான சுற்றுகள்) ஃபீனிக்ஸுக்கு எதிராகக் கவட்டைத் தசை. இதுதான் ஒரே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இதை விட்டுவிட்டு அந்த வருஷத்தைப் பேசுவது நியாயமில்லை.

கேள்வி: இன்னொரு உயரமான நட்சத்திரம் ஜோயல் எம்பீடோடு ஒப்பிட்டால்?

பதில்: எம்பீட் நிலைமை இதைவிட மோசம். முதல் இரண்டு சீசன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, அதன்பிறகும் எந்த சீசனிலும் 68ஐத் தாண்டியதில்லை.

கேள்வி: ஒரு தடவை இந்தப் பெயர் வந்துவிட்டால் போகவே போகாதா?

பதில்: போகும். கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டீபன் கறியைப் பாருங்கள். 2011-12இல் கணுக்கால் படுத்தியபாட்டில் 26 ஆட்டம்தான். இரண்டு அறுவை சிகிச்சை. 2012 அக்டோபரில் நான்கு வருஷத்துக்கு 4.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டபோது பலருக்கும் சந்தேகம். பயிற்சியாளர்கள் கணுக்காலோடு நிற்காமல் இடுப்புத் தசைகளை வலுவாக்கினார்கள், திசை மாறும்போது வரும் பாரத்தை இடுப்பு வாங்கிக்கொள்ளட்டும் என்று. அடுத்த ஐந்து சீசன்: 78, 78, 80, 79, 79. ஆனால் அவருக்கு நோவு ஒரே இடத்தில். டேவிஸுக்கு இன்று கால், நாளை இடுப்பு. ஒரு இடத்தைச் சரிசெய்தால் முடிந்தது என்று சொல்ல முடியாது.

கேள்வி: டேவிஸுக்கு ஆட மனசே இல்லை என்கிறார்களே?

பதில்: இந்தப் பேச்சுதான் எனக்குக் கோபம் வரவைப்பது. 2025 பிப்ரவரியில் நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சுக்குப் பதிலாக டல்லஸ் அணிக்கு வந்தார். முதல் ஆட்டத்திலேயே 26 புள்ளி, 16 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 7 அசிஸ்ட் (சக வீரர் கூடை போட உதவும் பாஸ்). மூன்றாவது கால் பகுதியில் தொடையின் உள்தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். மார்ச்சில் அணித்தோழர் கைரி இர்விங்குக்கு முழங்கால் லிகமென்ட் கிழிந்தது, அணி நொறுங்கிப்போயிருந்தது. "இந்த வருஷம் போதும்" என்று அவர் உட்கார்ந்திருந்தால் யாரும் தவறு சொல்லியிருக்க மாட்டார்கள். மார்ச் 24இல் திரும்பி வந்தார். ப்ளே-இன்னில் (பிளேஆஃபுக்குள் நுழைவதற்கான தகுதி ஆட்டம்) மெம்ஃபிஸிடம் தோற்று வெளியேறிய இரவில் டல்லஸுக்காக அவர் போட்டது 40 புள்ளி.