டிசம்பர் லீவுக்கு எந்த நாவல் படிக்கலாம்?

குடும்பம், நட்பு பற்றி மனசைத் தொடும் நாவல் கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவில், நம்ம டர்பனில் டிசம்பர்தான் கோடை, பள்ளி லீவும் அப்போதுதான், அதனால் கடற்கரைக்குப் போகும்போதே வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ எடுத்துப் போங்கள். வல்லத்தையும் (மீன்பிடிப் படகு) வீட்டையும் விற்கச் சொல்லும், வாத்தியாராக இருக்கும் மகன், கடலை விட மனசில்லாத அப்பா, நடுவில் மகள் பிலோமி. அவளும் ரஞ்சியும் பழகுவதைப் படித்தால் நமக்கும் இப்படி ஒரு தோழி வேண்டும் என்று தோன்றும். இங்கே வலை போட்டு மத்தி பிடித்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது தெரிந்த வீடு மாதிரியே இருக்கும். சின்ன நாவல்தான். அப்புறம் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’: ஆடு மேய்க்கும் கூளையனுக்கும் பண்ணைக்காரர் மகன் செல்வனுக்கும் நட்பு, குறுக்கே சாதி. ரொம்ப வலிக்கும், ஆனாலும் படியுங்கள். வட்டார வழக்கு தடுமாறினால் வாய்விட்டுப் படியுங்கள், சட்டென்று பிடிபடும்.