பசைக்கு ஈரம் ஆகுமா? கேள்வி பதில்

கே: சூப்பர் க்ளூ போடுவதற்கு முன் பொருளை வெயிலில் காயவைக்கிறேன். சரிதானே சார்?

ப: தூசும் எண்ணெயும் போகத் துடைத்தால் போதும். அந்தப் பசை (சயனோஅக்ரிலேட்) இறுகுவதே ஈரத்தால்தான். காய்ந்ததாகத் தெரியும் பரப்பிலும் மெல்லிய ஈரப் படலம் இருக்கும். அது பட்டதும் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். விரல் சட்டென்று ஒட்டுவதும் இதனால்தான். சிந்தினால் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள், சூடேறிச் சுட்டுவிடும்.

கே: அப்படியானால் தண்ணீர் தெளித்து ஒட்டலாமா?

ப: வேண்டாம். பசை மேலாகவே வெளுத்து இறுகிவிடும், பிடிக்காது.

கே: ஃபெவிகாலும் இப்படித்தானா?

ப: அது தண்ணீர் போனால்தான் பிடிக்கும். மரம் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அதில் மிதக்கும் பாலிவினைல் அசிடேட் துகள்கள் நெருங்கி ஒன்றாகும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே தடவிப் பாருங்கள், நாள் கணக்கில் பாலாகவே கிடக்கும்.

கே: ஹைட்ரஜன் பிணைப்பால் (ஹைட்ரஜன் வழியே மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாகப் பிடித்துக்கொள்வது) மட்டும் கோத்து நிற்கும் பாலிமர்களுக்கு, அதாவது நீண்ட சங்கிலிகளுக்கு, தண்ணீர் எமன் என்று கல்லூரியில் படித்தோம்.

ப: எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பல இடங்களில் உண்மையும்கூட. ஆனால் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வேதியியலாளர் மெய்யரின் குழு 2018-இல் 'நேச்சர்' இதழில் காட்டியது வேறு. எண்ணெய் போன்ற ஒரு கரைப்பானில் இப்படிக் கோத்த சங்கிலிகள், அதில் கரைந்திருந்த துளியூண்டு தண்ணீரையும் தங்களோடு சேர்த்துக்கொண்டு வடிவத்தையே மாற்றிக்கொண்டன.

கே: எண்ணெயில் தண்ணீர் கரையாதே சார்! ஆறாம் வகுப்புப் பாடம்.

ப: கரையும், மிக மிகக் கொஞ்சமாக. விஷயமே அந்தக் கொஞ்சத்தில்தான் இருக்கிறது. எண்ணெய்க்குள் தனியாக மாட்டிக்கொண்ட தண்ணீர் மூலக்கூறுக்குக் கை கோக்க ஆள் இல்லை. சங்கிலியில் ஓர் அமைடு தொகுதி (ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கை நீட்டும் அணுக்கூட்டம்) கிடைத்தால் விடுமா?

கே: அவ்வளவு சொற்பத் தண்ணீர் என்ன செய்துவிடும்? சோதனைப் பிழையாக இருக்கும்.

ப: சங்கிலியும் நீர்த்த கரைசலில்தான் இருக்கிறது. ஒரு சங்கிலி அலகுக்கு எத்தனை தண்ணீர் மூலக்கூறு என்று கணக்குப் போடுங்கள், சொற்பமாகத் தெரியாது. மழை நாளில் ஒரு முடிவு, வறண்ட நாளில் ஒரு முடிவு வந்தால் கருவியைத் திட்டுமுன் கரைப்பானின் ஈரத்தை அளந்து பாருங்கள்.

கே: பாறையில் ஒட்டும் மஸல் சிப்பி கடலுக்குள் எப்படி ஒட்டுகிறது?

ப: அதன் பசைப் புரதத்தில் டோபா என்ற அமினோ அமிலம் இருக்கிறது. பக்கத்திலேயே லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம். லைசின் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் உப்பு அயனிகளைத் தள்ளிவிட, டோபா பிடித்துக்கொள்ளும்.

கே: சூப்பர் க்ளூவுக்கு முன் ஹேர் ட்ரையர் போடலாமா?

ப: முதல் பதில்.

கே: ஃப்ரிட்ஜில் வைத்த பாட்டில் இறுகிவிட்டது.

ப: குளிரோடு திறந்திருப்பீர்கள், உள்ளே ஈரம் பூத்திருக்கும். இனி அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள்.

கே: சிந்தியதைப் பஞ்சால் துடைக்கலாமா?

ப: பஞ்சும் பருத்திதான் ஐயா!