பேனல் போட்டாச்சு, வண்டிக்குச் சார்ஜ் ஏறுமா?

கேள்வி: பொங்கலூர் பக்கம் தோட்டத்து வீடு. கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் வரவில்லை. 540 வாட் பேனல் 2, 150 ஏஹெச் டியூபுலர் (ஆசிட் ஊற்றும் ரகம்) பேட்டரி 2, 24 வோல்ட் சோலார் இன்வெர்ட்டர். ராத்திரி ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்டால் முக்கால்வாசிகூட ஏறுவதில்லை, விடிவதற்குள் லைட், ஃபேன் எல்லாம் நின்றுவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரி மேல் தப்பில்லை. இரண்டும் சேர்ந்து காகிதத்தில் 3.6 யூனிட் (24 வோல்ட் × 150 ஏஹெச்). டியூபுலரில் தினமும் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும். ஆக 1.8 யூனிட். இன்வெர்ட்டரும் சார்ஜரும் சூடாக்கித் தின்பது போக வண்டிக்குக் கிடைப்பது ஒன்றரை யூனிட்தான். 3 யூனிட் வண்டியென்றால் அது பாதி. அதற்கு மேல் ஏறியதெல்லாம் பேட்டரியின் ஆயுசிலிருந்து எடுத்த கடன். தவிர 150 ஏஹெச் என்பது நிதானமாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. 700 வாட் சார்ஜர் 30 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும்போது அதுவும் கிடைக்காது.

காலை 10 மணிக்குச் செருகி 3 மணிக்குக் கழற்றுங்கள். உச்சி வெயிலில் உங்கள் பேனல் 750, 800 வாட் தரும், அது அப்படியே வண்டிக்குப் போய்விடும். மேகம் மறைக்கும் ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் பேட்டரி தாங்கும். பகலில் வண்டி வெளியே போயே தீரும் என்றால் பாதிக்கு மேல் எடுத்தாலும் தாங்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்குக் காசு சேர்ப்பதுதான் வழி.

கேள்வி: இபி லைனில் சார்ஜ் ஏறும் வண்டி, இன்வெர்ட்டரில் போட்டால் எர்த் ஃபால்ட் காட்டுகிறது.

பதில்: இபி லைனில் நியூட்ரல், டிரான்ஸ்பார்மரிலேயே எர்த் ஆகியிருக்கும். தனியாக ஓடும் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் அந்த இணைப்பு இருக்காது. அதைத்தான் சார்ஜர் கண்டுபிடிக்கிறது. முறையான எர்த் பிட் (எர்த்துக்காக மண்ணில் தோண்டும் குழி), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), ஒரே இடத்தில் நியூட்ரல்-எர்த் இணைப்பு: இவை தேவை. ஆனால் உங்களிடம் இபி லைனும் அதே இன்வெர்ட்டருக்குள் வருவதால், தப்பான இடத்தில் இணைத்தால் ஆபத்து. இன்வெர்ட்டர் கம்பெனியைக் கேட்டு, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். ஒரு வீட்டில் எர்த் ஒயரைச் சுவரில் அடித்த ஆணியில் சுற்றி, மேலே காலண்டரை மாட்டியிருந்தார்கள். அது எர்த் இல்லை.

கேள்வி: இன்வெர்ட்டர் இல்லாமல் பேனலிலிருந்து நேராக வண்டி பேட்டரிக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பேனல் வோல்டேஜ் வெயிலோடு ஆடும். எவ்வளவு ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் சார்ஜரும், பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட்டும் பேசி முடிவு செய்வது. வாரண்டியும் போகும்.

கேள்வி: பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் சும்மா கிடக்கிறது…

பதில்: கிடக்கட்டும். இபி கரண்ட் போலவே சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் மட்டும்.

கேள்வி: கார் வாங்கப் போகிறேன். தினமும் 40 கிலோமீட்டர். முழுக்க சோலாரிலேயே ஓட்ட எத்தனை கிலோவாட் வேண்டும்?

பதில்: 40 கிலோமீட்டருக்குச் சுமார் 6 யூனிட். நம் ஊரில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். சேதாரம் சேர்த்து இரண்டரை, மூன்று கிலோவாட் போதும் என்று தோன்றும். சிக்கல் வேறு இடத்தில். 15 ஆம்பியர் பிளக்கில் கார் ஒரே மூச்சில் 3 கிலோவாட் இழுக்கும், அதைப் பேனல் நாள் முழுக்கத் தராது. 6 ஆம்பியருக்குக் குறைத்து வைக்க வசதியுள்ள சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள், 1.4 கிலோவாட்டில் பகல் முழுக்க மெதுவாக ஏறும்.

வீட்டில் இபி இருக்கிறதா? இருந்தால் இபி லைனோடு சேராமல் பேட்டரியில் தனியாக ஓடும் ஆஃப்-கிரிட்டை மறந்துவிடுங்கள். பகலில் கார் ஆபீஸில் நிற்கும், பேனல் வீட்டில் காயும். இபி லைனோடு சேர்த்த ஆன்-கிரிட் என்றால் அந்தக் கரண்ட் லைனுக்குப் போய்க் கணக்கில் வரும். 2024-இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியமும் ஆன்-கிரிட்டுக்குத்தான்.