பேஸ்பாலில் பிட்சரும் பேட்டிங் செய்ய வேண்டுமா, அவருக்குப் பதில் டிஎச் அடித்தால் போதுமா?

பிட்சரும் பேட் பிடிக்க வேண்டும் என்ற கட்சி நான். இன்றைக்கும் மனசு அந்தப் பக்கம்தான். ஆனால் பழைய விதியை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன்.

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்காக இரண்டு வரி. பந்து எறிபவர்தான் பிட்சர். அடித்தவர் மூன்று பேஸ்களைத் தொட்டு, அடித்த இடத்துக்கே சுற்றி வந்தால் ஒரு ரன். பேஸ்பாலில் ஒன்பது பேர் வரிசையாக பேட்டிங் செய்வார்கள், ஒன்பதாவது ஆள் முடித்ததும் மறுபடி முதல் ஆள். அதனால் பிட்சரின் முறை ஒரே ஆட்டத்தில் இரண்டு மூன்று தடவை வந்துவிடும். அவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே, ஃபீல்டிங் செய்யாத ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று, அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் 1973ல் விதி கொண்டுவந்தது. அவர்தான் டெசிக்னேட்டட் ஹிட்டர், சுருக்கமாக டிஎச். இன்னொன்றான நேஷனல் லீக் அரை நூற்றாண்டு பிடிவாதமாக இருந்தது. கொரோனா வருடமான 2020ல் மட்டும் ஒருமுறை விட்டுக்கொடுத்து, 2022ல் மொத்தமாக ஏற்றுக்கொண்டது.

வேலைக்காக நான் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக்கு வந்தது 2016ல். இந்த ஊர் அணியான ப்ரூவர்ஸ் நேஷனல் லீக் என்பதால், நான் பேஸ்பால் கற்றுக்கொண்டதே பிட்சர் பேட் பிடிக்கும் ஆட்டத்தில்தான். முதல் தடவை மைதானத்துக்குப் போன அன்று பிட்சர் எப்படியோ ஒரு ஹிட் அடித்து முதல் பேஸில் போய் நின்றார். உடனே ஒரு பையன் ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினான். இவர் அதைப் போட்டு பட்டனை மாட்டிக்கொண்டு பேஸில் நிற்கிறார்! எறிகிற கை குளிர்ந்து இறுகிவிடக் கூடாதாம், பக்கத்தில் இருந்த அலுவலக நண்பர் சொன்னார். அந்த ஜாக்கெட்டைப் பார்த்த அன்றே இந்த விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனது.

என்னைக் கட்டிப்போட்டது பிட்சரின் பேட்டிங் கூட இல்லை, அதைச் சுற்றி மேனேஜர், அதாவது அணியின் பயிற்சியாளர், போட வேண்டிய கணக்குதான். ஆறாவது இன்னிங்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரன் பின்தங்கியிருக்கிறோம், இரண்டு அவுட், மூன்றாவது பேஸில் ஆள் இருக்கிறார். எட்டாவதாக வரும் நல்ல பேட்ஸ்மேனை எதிரணி அடிக்கவே விடாமல், வேண்டுமென்றே சும்மா முதல் பேஸுக்கு நடக்கவிடுகிறது, அடுத்து வருவது பிட்சர் என்பதால். நம் பிட்சரோ அன்று அற்புதமாக எறிந்துகொண்டிருக்கிறார். அவரையே அடிக்கவிட்டால் அநேகமாக இன்னிங்ஸ் முடிந்தது. மாற்று ஆளை இறக்கினால் ரன் வரலாம், ஆனால் பேஸ்பாலில் வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப முடியாது, மிச்ச மூன்று இன்னிங்ஸை வேறு பிட்சர்களை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அரங்கம் முழுக்க மேனேஜர் உட்கார்ந்திருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்து அதுதான் பேஸ்பாலின் மிகச் சுவையான ஐந்து நிமிடம். டிஎச் வந்ததும் அது அப்படியே போய்விட்டது.

அப்புறம், எப்போதாவது நடக்கும் அதிசயம். 2018 அக்டோபர் 12, நேஷனல் லீக் இறுதித் தொடரின் முதல் ஆட்டம். எதிரணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்காக எறிந்தவர் கிளேட்டன் கெர்ஷா, அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவர். மூன்றாவது இன்னிங்ஸில் எங்கள் பிட்சர் பிராண்டன் உட்ரஃப் கெர்ஷாவின் பந்தை ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தார், ஸ்கோர் 1-1. பேஸ்களைச் சுற்றி வரும்போது உட்ரஃப் கத்திய கத்தல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. டிவி முன்னால் நாங்கள் போட்ட சத்தத்தில் தூங்கிய குழந்தை எழுந்துவிட்டது. அன்று 6-5 என்று ஜெயித்தோம்.

சரி, எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2021ல் பிட்சர்களின் பேட்டிங் சராசரி .110. அதாவது ஒன்பது முறைக்கு ஒரு ஹிட். காயம் வேறு. 2015 ஏப்ரலில் இதே மில்வாக்கி மைதானத்தில் செயின்ட் லூயிஸ் பிட்சர் ஆடம் வெயின்ரைட் பேட்டிங் செய்யும்போது குதிகால் தசைநார் கிழிந்து, ஏறக்குறைய அந்த சீசனையே இழந்தார். எறிவதற்காகக் கோடிகளில் சம்பளம் வாங்கும் ஒருவர் பேட் பிடித்துக் காலை உடைத்துக்கொள்வதா என்று கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆனால் அந்த .110 எப்படி வந்தது? கல்லூரி ஆட்டத்திலும் கீழ்மட்ட லீக்குகளிலும் பெரும்பாலும் டிஎச்தான், பேட்டையே தொடாமல் வளர்ந்தவரிடம் திடீரென்று அடி என்றால் எப்படி அடிப்பார்? 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா 144க்கு 6 என்று தவித்தபோது அஸ்வின் வந்து 113 அடித்தாரே, பந்துவீச்சாளருக்கும் பேட்டிங் முறை கட்டாயம் வரும் என்ற ஆட்டத்தில் வளர்ந்தவர் அவர். ஆட்டத்தின் நடுவே பந்துவீச்சாளருக்குப் பதில் பேட்ஸ்மேனை இறக்க வழிவிடும் ஐபிஎல்லின் இம்பாக்ட் பிளேயர் விதி எனக்கு உறுத்துவதும் இதனால்தான்.

இவ்வளவு சொல்லியும் நான் இறங்கி வந்ததற்குக் காரணம், எறிவது அடிப்பது இரண்டிலும் கலக்கும் ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஓதானி. முழங்கை அறுவை சிகிச்சையால் 2024ல் அவரால் எறிய முடியவில்லை. நேஷனல் லீக் அணியான டாட்ஜர்ஸுக்கு டிஎச்சாக மட்டுமே ஆடி 54 ஹோம் ரன், 59 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). பழைய விதி இருந்திருந்தால் அந்த சீசனே கிடையாது. அதைப் பார்த்துவிட்டு டிஎச்சே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் கேட்பது நடுவழி. அட்லான்டிக் லீக் என்ற சிறிய அமெரிக்க லீக் 2021ல் இதைச் சோதித்துப் பார்த்தது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் இருக்கும் வரைதான் டிஎச், அவரை எடுத்தால் டிஎச்சும் போய்விடுவார். இதில் தொடக்க பிட்சர் காயப்பட மாட்டார், அதே சமயம் அவரை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே தூக்கும் இன்றைய பழக்கத்துக்கு ஒரு விலை இருக்கும். அந்த ஆறாவது இன்னிங்ஸ் கணக்கும் வேறு உருவத்தில் திரும்பி வரும். ஓதானி போல இரண்டும் செய்பவர், எறிந்து முடித்த பிறகும் டிஎச்சாகத் தொடரலாம் என்ற 2022 விதியை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.

பிட்சர்கள் பேட் பிடிப்பதை நேரில் பார்க்க ஆசை என்றால், ஜப்பானின் சென்ட்ரல் லீக்கைப் பாருங்கள். அங்கேயும் 2027 முதல் டிஎச் வருகிறது, 2026தான் கடைசி சீசன்.