என்.ஐ. நம்பரைத் தேடுங்கள், மகளின் முடிவை மாற்றாதீர்கள்

டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் (சம்பளத்தோடு வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறும் பயிற்சி) கிடைத்த மகளிடம் நிறுவனம் நேஷனல் இன்சூரன்ஸ் (என்.ஐ.) நம்பர் கேட்கிறது, அதாவது வரிக்கும் அரசு ஓய்வூதியத்துக்கும் ஒவ்வொருவருக்கும் தரப்படும் எண்; அந்த நம்பர் வரும் கடிதத்தைக் காணவில்லை; தொடங்க மூன்று வாரம்தான் இருக்கிறது. இதற்குள் அவளுடைய மாமா, "இந்த வேலையே வேண்டாம், பல்கேரியாவில் மருத்துவம் சேர்த்துவிடலாம்" என்கிறார். லண்டனிலிருந்து ஒரு தாய் இப்படி எழுதியிருக்கிறார்.

அம்மா, நம்பர் கையில் இல்லாமலேயே வேலையில் சேரலாம். பிரிட்டனில் வேலை செய்யும் உரிமைக்கான சான்று போதும். உங்கள் மகளுக்கு அது பாஸ்போர்ட். நம்பர் வரும்வரை அந்த இடத்தைக் காலியாக விட்டே நிறுவனம் சம்பளக் கணக்கை அனுப்பலாம். ஆனால் தோராயமாக ஒரு நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள். அவள் கட்டும் பணம் வேறொருவர் கணக்கில் போய்ச் சேரலாம். முதல் மாதம் வரி அதிகமாகப் பிடிக்கப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் புதிதாகச் சேருபவர் வரிக் கணக்குக்காக நிறுவனத்திடம் கொடுக்கும் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் படிவத்தை நிரப்பாமல் விடுவதுதான். அதை முதல் நாளே கொடுக்கச் சொல்லுங்கள்.

அலமாரியைக் கிளறியது போதும். நம்பரைப் பார்க்க எச்எம்ஆர்சி (பிரிட்டனின் வரித்துறை) செயலி இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கணக்குத் தொடங்கும்போது அடையாளத்தை உறுதிசெய்யக் கேட்பார்கள். சம்பள ரசீதோ பி60யோ (ஆண்டு முடிவில் நிறுவனம் தரும் சம்பள, வரிச் சான்று) இல்லாத பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பாஸ்போர்ட்டோடு ப்ரொவிஷனல் (பழகுநர்) டிரைவிங் லைசன்சையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரட்டும். உள்ளே போனதும் நம்பர் தெரியும்: இரண்டு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஏ முதல் டி வரை ஓர் எழுத்து. உறுதிக் கடிதத்தைத் தரவிறக்கி நிறுவனத்துக்கு அனுப்பலாம். போன் வாலட்டிலும் சேமிக்கலாம். அடையாளச் சோதனையில் தேறவில்லை என்றால், நம்பரைக் கேட்டு எச்எம்ஆர்சிக்கு சிஏ5403 படிவம் அனுப்பலாம். நம்பர் தபாலில்தான் வரும், 15 வேலை நாள் வரை ஆகலாம். போனில் நம்பரைச் சொல்லமாட்டார்கள். வீடு மாறியிருந்தால் முதலில் முகவரியைத் திருத்துங்கள், இல்லையென்றால் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். இவை எல்லாம் இலவசம். பணம் கேட்கும் இணையதளங்களை மூடிவிடுங்கள்.

கடிதம் தொலையாமல், வராமலேயே இருந்திருக்கலாம். பெற்றோர் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்ப்புக்கு அரசு தரும் உதவித்தொகை) படிவம் கொடுத்திருந்தால்தான் 16 வயதுக்கு முந்தைய மூன்று மாதத்தில் அது தானாக வரும். வருமானம் அதிகம், எப்படியும் திருப்பிக் கட்டவேண்டும் என்று 2013க்குப் பிறகு பல வீடுகளில் அந்தப் படிவத்தையே கொடுக்கவில்லை. அப்படியானால் 20 வயதுக்குள் எச்எம்ஆர்சியை அழைத்துப் பேசவேண்டும்.

இனி மாமாவின் யோசனை. வெளிநாட்டில் படிக்கும் முழு மருத்துவப் படிப்புக்குப் பிரிட்டனின் மாணவர் கடன் கிடைக்காது. கட்டணம் முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போகவேண்டும். அதைக் கொடுக்கப்போவது மாமா இல்லை. உள்நாட்டிலேயே சாதாரணப் பட்டப்படிப்புக்கு 2025-26ல் இங்கிலாந்தில் ஆண்டுக்கு 9,535 பவுண்டு வரை கட்டணம். அப்ரென்டிஸ்ஷிப்பில் பட்டத்துக்கு அவள் ஒரு பென்னியும் கட்டமாட்டாள். குறைந்தபட்ச அப்ரென்டிஸ் ஊதியமான மணிக்கு 7.55 பவுண்டில் (2025 ஏப்ரல் நிலவரம்) வாரம் 30 மணி நேரம் உழைத்தாலே ஆண்டுக்கு 11,700ஐத் தாண்டும். அரசு ஓய்வூதியத்துக்கு ஓராண்டு கணக்கில் சேர 2025-26 நிதியாண்டில் 6,500 பவுண்டு சம்பளம் போதும். முழு ஓய்வூதியத்துக்கு வேண்டிய 35 ஆண்டுகளில் மூன்று நான்கை, தோழிகள் பட்டம் வாங்கும் வயதிலேயே அவள் சேர்த்திருப்பாள்.

மருத்துவம் அவள் கேட்ட படிப்பு இல்லை. ஆட்களைக் கடுமையாக வடிகட்டி எடுக்கும் இடத்தில், தானே விண்ணப்பித்து, நேர்காணலில் தானே பேசி இந்த வேலையை வாங்கியிருக்கிறாள். கடிதம் காணாமல் போனதைச் சாக்காக வைத்து அதைப் பறிக்க உறவினருக்கு உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை. இன்றே நிறுவனத்தின் எச்ஆருக்கு, "நம்பர் தேடப்படுகிறது, வந்ததும் தருகிறேன்" என்று அவளையே ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள்.