எம்.ஐ.டி., என்.பி.டெல் இலவசப் பாடங்களை வைத்து ஒரு பாடத்தை உண்மையிலேயே கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். எனக்கு முடிந்தது. ஆனால் முதல் இரண்டு தடவை பாதியிலேயே நின்றுபோனேன். ஏன் நின்றேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவன். அணிக்கோவை, நேர்மாறு அணி எல்லாம் தேர்வுக்காகப் பழகிய கணக்குகள். அவை எதற்கு என்று தெரியாது. வேலைக்குப் போய்ச் சில வருடம் கழித்து மெஷின் லேர்னிங் படிக்க ஆசை வந்தது. எதைத் திறந்தாலும் லீனியர் அல்ஜிப்ரா, அதாவது அந்த அணிகளைப் பற்றிய கணிதம், வந்து வழிமறித்தது. அப்படித்தான் எம்.ஐ.டி.யின் ஓப்பன்கோர்ஸ்வேருக்குப் போனேன். தங்கள் பாடங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம் என்று அந்தப் பல்கலைக்கழகம் 2001இல் அறிவித்த திட்டம் அது. பெயர்கூடப் பதிய வேண்டாம். நான் எடுத்தது அங்கே பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய லீனியர் அல்ஜிப்ரா, அதன் பாட எண் 18.06. மொத்தம் 34 வகுப்புகள், எல்லாம் கரும்பலகையும் சாக்பீஸும்தான்.

முதல் வகுப்பிலேயே இரண்டு எளிய சமன்பாடுகளை எழுதுகிறார்: 2x − y = 0, −x + 2y = 3. வரைந்தால் இரண்டு கோடுகள், (1, 2) என்ற புள்ளியில் வெட்டிக்கொள்ளும். இது பள்ளியிலேயே நாம் செய்ததுதான். அப்புறம் அதே சமன்பாடுகளை நிரை நிரையாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, நிரல் நிரலாக, அதாவது மேலிருந்து கீழாக, பார்க்கச் சொல்கிறார். (2, −1) ஒரு நிரல், (−1, 2) இன்னொரு நிரல். முதலாவதில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு எடுத்துக் கூட்டினால் வலப்பக்கத்து (0, 3) கிடைத்துவிடுகிறது. அதே 1, அதே 2! மூன்று வருடம் கணிதம் படித்தும் இதை யாரும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

ஆனாலும் பத்தாவது வகுப்பைத் தாண்டவில்லை. காரணம், வெறுமனே பார்த்துக்கொண்டே போனேன். அவர் சொல்லச் சொல்ல எல்லாம் புரிந்தது. தாளை எடுத்து நானே போட்டால் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவையும் அதே கதை.

மூன்றாவது தடவை வீட்டுக்கணக்குகளை முதன்மையாக வைத்துக்கொண்டேன். அந்தத் தளத்தில் வீட்டுக்கணக்கு, பழைய தேர்வுத்தாள், விடை எல்லாமே இருக்கின்றன. அங்கே உள்ள உண்மையான சொத்து அவைதான் என்பேன். வாரத்துக்கு ஒரே வகுப்பு. அவர் கேள்வி கேட்டதும் காணொளியை நிறுத்திவிட்டு முதலில் நான் முயல்வேன். ஒரு இரவாவது யோசிக்காமல் விடையைத் திறப்பதில்லை. ஆங்கிலம் கஷ்டமாக இருந்த இடங்களில் வசனவரியைப் போட்டு, வேகத்தை முக்காலாகக் குறைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நண்பருக்கு அந்த வாரப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பேன். சந்தேகம் கேட்க ஆசிரியர் இல்லாத குறையை ஓரளவு தீர்த்தது அதுதான். நண்பர் "ஏன்?" என்று கேட்கும் இடத்தில்தான் எனக்கு எது புரியவில்லை என்பதே தெரியும். 34 வகுப்புகளையும் முடிக்க எட்டு மாதம் ஆனது.

தானாக ஒழுங்கு வராது என்றால் என்.பி.டெல் நல்லது. ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் (ஐ.ஐ.எஸ்சி.) சேர்ந்து 2003இல் தொடங்கியது. வாராவாரம் வீட்டுக்கணக்குக்குக் கெடு வைப்பார்கள். அந்தக் கெடுதான் நம்மைப் பிடித்து உட்கார வைக்கும். படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். நான் எழுதியபோது ஆயிரம் ரூபாய், நேரில் தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். சில பாடங்களுக்குத் தமிழ் எழுத்து வடிவமும் கிடைக்கிறது. எல்லா வகுப்பும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வகுப்பு பார்த்தும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் வேறு ஆசிரியருக்கு மாறுங்கள்.

சான்றிதழால் வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் நேர்காணலில் அதை யாரும் பார்க்கவில்லை, கணக்கைத்தான் போடச் சொன்னார்கள்.

18.06இல் தொடங்குவதாக இருந்தால், முதல் வகுப்பு முடிந்ததும் உடனே இரண்டாவதைத் திறக்க வேண்டாம். மேலே சொன்ன இரண்டு நிரல்களையும் தாளில் அம்புகளாக வரைந்து, அவற்றைக் கூட்டியே (3, 0) புள்ளிக்குப் போக முடிகிறதா பாருங்கள். அப்புறம், அந்த இரண்டை மட்டும் வைத்துத் தாளின் எந்தப் புள்ளிக்கும் போகலாமா, போக முடியாத இடம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துவிட்டு அடுத்த வகுப்பைப் போடுங்கள்.