மெயில் வருகிறது, போக மறுக்கிறது: கேள்வி பதில்

மண்டபம், ஆய்வு மாணவி: பல்கலைக்கழக வளாகத்தில் தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலி ஒழுங்காக வேலை செய்கிறது. வீட்டுக்கு வந்தால் மெயில் வருகிறது. கொச்சிக்கு அனுப்பினால் "ரிலேயிங் டினைடு" (கடத்த மறுப்பு) என்று திரும்புகிறது. மடிக்கணினி பழுதா, அண்ணா?

பதில்: பழுது இல்லை, தங்கை. வருகிற வழி வேறு, போகிற வழி வேறு. வருவதற்கு ஐமேப் என்ற விதிமுறை, யார் கேட்டாலும் கடவுச்சொல் வாங்கித்தான் திறக்கும். போவதற்கு எஸ்எம்டிபி என்ற விதிமுறை. 1982இல் அதை வகுத்தபோது கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடே இல்லை. அதனால் பல சர்வர்கள் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் கணினிக்குள்ள எண்ணைப் பார்த்தே ஆளை நம்பிவந்தன. வளாகத்து ஐபி என்றால் நம்மவர். மண்டபத்து வீடு என்றால் அந்நியர். அந்நியர் தரும் கடிதம் அதே பல்கலைக்கழகத்தாருக்கு என்றால் வாங்கிக்கொள்ளும், வெளியூருக்கு என்றால் கைவிரிக்கும். உங்கள் வழிகாட்டியின் பல்கலைக்கழக முகவரிக்கு ஒன்று அனுப்பிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். சர்வரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். யார் கொடுத்தாலும் சுமக்கிற சர்வர், குப்பை மெயில்காரர்களுக்குக் கழுதையாகிவிடும்.

அனுப்பும் சர்வர் அமைப்பில் போர்ட் (சர்வரின் வாசல் எண்) 25ஐ எடுத்துவிட்டு 587 போடுங்கள். பாதுகாப்பு: ஸ்டார்ட்-டிஎல்எஸ் (தொடங்கிய பேச்சைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் முறை). பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள், எங்கிருந்து வந்தாலும் நம்மவர் என்று சர்வருக்குத் தெரியும்; சில இடங்களில் முழு முகவரி கேட்கும், சில இடங்களில் முன்பாதி போதும். 587 திறக்காவிட்டால் 465, பாதுகாப்பு: எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் (தொடக்கத்திலிருந்தே மறைக்கும் முறை). பாதுகாப்பில் 'எதுவுமில்லை' என்று மட்டும் வைக்காதீர்கள். கடவுச்சொல் அம்மணமாகப் போகும்.

கீழக்கரை: காக்கா (எங்கள் ஊரில் அண்ணன்), எனக்கு மறுப்புக்கூட வரவில்லை. 25இல் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது.

பதில்: இணைய நிறுவனமே 25ஐ அடைத்திருக்கும், தம்பி. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் அவ்வழியே குப்பை கொட்டியதால் பல நிறுவனங்கள் அடைத்துவிட்டன. 587. 'எதுவுமில்லை' வேண்டாம்.

பாம்பன்: விபிஎன், அதாவது வேறொரு வலையமைப்பு வழியாக இணையத்துக்குப் போகும் சுரங்கவழி, போதாதா?

பதில்: பல்கலைக்கழகம் தருகிற விபிஎன் என்றால் போதும், சர்வரின் கண்ணுக்கு நீங்கள் வளாகத்துக்குள் இருப்பீர்கள். இலவச விபிஎன் உங்களை மூன்றாம் ஊரில் கொண்டுபோய் நிறுத்தும்.

தொண்டி, ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர்: 465 காலாவதியான போர்ட் என்று இத்தனை காலம் பாடம் நடத்தினேன். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

பதில்: உங்கள் பாடம் அன்றைக்குச் சரி, ஐயா. 1997இல் 465ஐ மறைவாக மெயில் அனுப்புவதற்கென ஒதுக்கினார்கள். ஸ்டார்ட்-டிஎல்எஸ் வந்ததும் பறித்துக்கொண்டார்கள். 2018இல் ஆர்எஃப்சி 8314 என்ற இணைய விதி ஆவணம் திரும்ப அழைத்து உட்காரவைத்தது. 587இல் பேச்சு வெளிப்படையாகத் தொடங்கி, பிறகுதான் மறைவுக்குப் போகிறது. மறைவுக்குப் போகலாம் என்ற அழைப்பையே நடுவில் இருப்பவன் விழுங்கிவிடலாம். 465இல் முதல் எழுத்திலிருந்தே மறைவு.

தொண்டி ஆசிரியர்: மறைவு கட்டாயம் என்று அமைத்துவிட்டால் விழுங்கினாலும் இணைப்பு அறுமே தவிர, கடவுச்சொல் போகாதே. மேலும் 465தான் மேல் என்றால் மாணவிக்கு ஏன் 587ஐ முதலில் சொன்னீர்கள்?

பதில்: முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். 'கிடைத்தால் பயன்படுத்து' என்றிருந்த பழைய அமைப்பில்தான் ஆபத்து. இரண்டாவதற்கு, பழைய சர்வர்களில் 465 திறந்திருக்கும் என்ற உறுதி இல்லை. கிடைக்கிற படகில்தானே ஏற வேண்டும்?

தொண்டி ஆசிரியர்: ஓட்டைப் படகிலுமா?

பதில்: ஓட்டை என்று இப்போதுதானே நீங்களே மறுத்தீர்கள், ஐயா!

ஏர்வாடி: இணைய நிறுவனத்தின் சர்வர் வழியாகப் பல்கலைக்கழக முகவரியில் அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். தன் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்று பல்கலைக்கழகம் எஸ்பிஎஃப் பதிவில் எழுதிவைத்திருக்கும். பட்டியலில் இல்லாத சர்வர் என்றால் குப்பைப் பெட்டிதான்.

தனுஷ்கோடி: செல்போன் இலங்கை சிக்னலைப் பிடிக்கிறது. அதனால்தான் போகவில்லையா?

பதில்: அந்தக் கோபுரத்துக்கும் போர்ட்டுக்கும் தொடர்பில்லை. ரோமிங்கை அணையுங்கள், மெயில் போகாவிட்டாலும் பில் வரும்.

மூக்கையூர்: ஐயா, 25இல் போகவில்லை.

பதில்: கீழக்கரைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தேவிபட்டினம்: வீட்டிலிருந்து மெயில் போகவில்லை. போர்ட் 25...

பதில்: 587.

தொண்டி ஆசிரியர்: 465ஐயும் சொல்லுங்கள்.